வழிப்போக்கன் பிடித்த கண்ணாடி

அமெரிக்க நாட்டின் தென்பகுதியிலே, கறுப்பு மனிதனை மாடு போலச் சந்தையில் நிறுத்தி விலைபேசிய கொடுமையைக் கதையாகத் தீட்டினார் ஹாரியட் பீச்சர் ஸ்டோ எனும் அம்மையார். 1852-ல் நூலாக வந்தது. ஓராண்டில் அந்நாட்டில் மட்டும் 3 இலட்சம் படிகள் விற்றன. படித்துக் கண்ணீர் விட்டோர் பலர். பல்லைக் கடித்தோரும் பலர். மேரிலாந்து மாநிலத்தில் சாமுவேல் கிரீன் என்ற கறுப்பினப் போதகர், அந்த நூலை வீட்டில் வைத்திருந்த ஒரே குற்றத்துக்காக, 1857-ல் 10 ஆண்டுச் சிறைத் தண்டனை பெற்றார்.

திருநின்றவூர்ப் படிப்பகத்தில் இதைப் பேசிக்கொண்டிருந்தோம். ஆவடிக்கு வேலைக்குப் போகும் தோழர் ஒருவர் கேட்டார்: அப்படியொரு ஏடு நம் நாட்டில் பிறக்கவில்லையா? பிறந்ததென்றால், எழுதியவன் என்ன ஆனான், படித்தவன் என்ன ஆனான்?

பிறந்தது, தோழரே! வங்காளத்தில், 1860-ல் பிறந்தது. நீலதர்ப்பணம் என்று பெயர். தர்ப்பணம் என்றதும் நமக்கு எள்ளும் தண்ணீரும், தட்சணைக்கு நீளும் கையும் நினைவுக்கு வரும். அது வேறு. வங்க மொழியில் இந்தச் சொல்லுக்குக் கண்ணாடி என்று பொருள். அவுரிச் சாயத்தின் கதையைக் காட்டிய கண்ணாடி. பிடித்தவர் தீனபந்து மித்ரா.

நதியா மாவட்டம் சவுபேரியா எனும் சிற்றூரில் 1830-ல் பிறந்தார். பெற்றோர் சூட்டிய பெயர் கந்தர்வ நாராயணன். பெயரைத் திரித்துப் பிள்ளைகள் கேலி செய்ய, தாமே தமக்கு வேறு பெயர் வைத்துக்கொண்டார். தீனபந்து, அதாவது ஏழைகளின் உறவினன். தந்தை தேடித்தந்த சின்னக் கணக்கு வேலையை உதறிவிட்டுக் கல்கத்தாவுக்கு ஓடினார். உறவினர் வீட்டில் பாத்திரம் துலக்கிப் படித்தார். ஜேம்ஸ் லாங் எனும் பாதிரியார் நடத்திய பள்ளியிலும் பயின்றார் என்பர். இந்தப் பாதிரியாரின் பெயரை நினைவில் வையுங்கள்.

1855-ல் தபால் இலாகாவில் வேலை. பாட்னாவில் போஸ்ட்மாஸ்டர், பிறகு ஊர் ஊராகச் சுற்றும் மேற்பார்வை உத்தியோகம். படகிலும் பல்லக்கிலும் நதியா, ஜெசூர், டாக்கா என்று அலைந்தார். கடிதம் ஒழுங்காகப் போகிறதா என்று பார்க்கப் போனவர் கண்ணில் பட்டது, கண்ணீர்!

அவுரி நம்மவருக்குப் புதிதல்ல. தென்னார்க்காட்டில் பயிரிட்டார்கள். வங்காளத்தில் அதை வெள்ளைத் துரைகள் பயிரிடச் செய்த முறை வேறு. பிகாவுக்கு 2 ரூபாய் முன்பணம். வேண்டாமென்றாலும் கையில் திணிப்பான். நெல் விளையும் நல்ல நிலமாகப் பார்த்துத் துரையின் ஆள் குறி போடுவான். அளவுகோல் துரையுடையது, கணக்கும் துரையுடையது. கடன் மட்டும் உழவனுடையது. அது தீராது. அப்பன் வாங்கிய முன்பணத்துக்கு மகன் அவுரி விதைப்பான். மறுத்தால் கிடங்கில் அடைப்பு, முதுகில் தோல் சவுக்கு. அந்தச் சவுக்குக்கு சியாம்சந்த் என்று செல்லப்பெயர்! முறையிடலாமே என்பீர்கள். யாரிடம்? கடுங்குற்றம் செய்தவன் வெள்ளையனென்றால் ஜில்லாக் கோர்ட்டு அவனைத் தண்டிக்க முடியாது, கல்கத்தாவுக்குப் போகவேண்டும். கஞ்சிக்கு வழியற்றவன் கல்கத்தாவுக்கு எப்படிப் போவான்?

1859-ல் உழவர் எழுந்தனர். விதைக்கமாட்டோம் என்றனர். அரசு விசாரணைக் குழு வைத்தது. அவுரிப் பெட்டி ஒவ்வொன்றும் மனித இரத்தம் தோய்ந்தே இங்கிலாந்து போகிறது என்று, மாஜிஸ்திரேட்டாக இருந்த ஓர் ஆங்கிலேயரே குழுவின்முன் சாட்சியம் தந்தார்.

கோயில் கட்டப் பொருளில்லாத பூசலார், மனத்துக்குள்ளேயே கோயில் கட்டிய கதையைச் சொல்லும் ஊர் திருநின்றவூர். அந்தக் கதையை நம்புவதும் நம்பாததும் அவரவர் விருப்பம். தீனபந்து தம் மனத்துக்குள் கட்டியது ஒரு நீதிமன்றம். கோர்ட்டில் ஏறாத வழக்கை நாடகத்தில் ஏற்றினார். கருவுற்ற உழவர்வீட்டுப் பெண்ணைத் துரை பங்களாவுக்கு இழுத்துச் செல்கிறான். நல்ல குடும்பத்துப் பெரியவர் பொய்வழக்கில் சிறைப்பட்டுத் தூக்கிட்டுச் சாகிறார். அவர் குடும்பமே அழிகிறது. தோராப் எனும் முஸ்லிம் உழவன் துரையின் மூக்கைக் கடித்து எடுக்கிறான். குறை சொல்லாமல் விடுவதற்கில்லை. கண்ணீரில் பெரும்பங்கை நிலமுள்ள வீட்டாருக்கே ஒதுக்கிவிட்டார் ஆசிரியர். நல்ல ஆங்கில அதிகாரி வந்து காப்பான் என்ற நம்பிக்கையும் முன்னுரையில் தெரிகிறது. ஆனால் நெஞ்சில் நிற்பவன் தோராப்தான்.

கையெழுத்துப் படியோடு மேக்னா ஆற்றைக் கடந்தபோது படகு மூழ்கப் பார்த்ததாம். கையில் நாடகத்தைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாராம் தீனபந்து. நண்பர் பங்கிம் சந்திரர் எழுதிவைத்த செய்தி இது. அந்த நாடகத்தை ஸ்டோ அம்மையாரின் நூலுக்கு இணையாக வைத்தவரும் அவரே. டாக்காவில் அச்சாகியது. ஆசிரியர் பெயர் இல்லை. யாரோ ஒரு வழிப்போக்கன் என்றே இருந்தது. துரைத்தனத்துச் சம்பளக்காரர் வேறென் செய்வார்?

இனிப் படித்தவர்களின் கதை. ஆங்கிலத்தில் பெயர்த்து 500 படி அச்சிட ஏற்பாடு செய்தார் லாங் பாதிரியார். வங்க அரசின் செயலாளர் சீட்டன்-கார், 202 படிகளைச் சர்க்கார் முத்திரை உறையிலிட்டு அனுப்பிவிட்டார். தபால்காரர் எழுதிய நாடகம், தபாலிலேயே சவாரி செய்தது!

துரைகள் படித்தனர். துடித்தனர். அவர்களுக்குத் தாளம்போட்ட இரு ஆங்கிலப் பத்திரிகைகளைப் பணத்துக்கு விலைபோனவை என்று முன்னுரை குத்தியிருந்தது. அவதூறு வழக்குத் தொடுத்தனர். அச்சடித்தவரைத் துரத்தியபோது, பொறுப்பு என்னுடையது என்று லாங் தாமே முன்வந்தார். மொழிபெயர்த்தவர் யார் என்று கேட்டார்கள், வாய் திறக்கவில்லை. மைக்கேல் மதுசூதன தத்தர் என்றே பலரும் சொல்வதுண்டு. 1861 ஜூலையில் தீர்ப்பு: ஒரு மாதச் சிறை, 1000 ரூபாய் அபராதம். உழவனைக் கிடங்கில் அடைத்தவன் பங்களாவில். அதைச் சொன்ன ஏட்டை வெளியிட்டவர் சிறையில்! அவர் வெள்ளையர், அதிலும் பாதிரியார், அதற்கே இது. அபராதத்தைக் கோர்ட்டிலேயே கட்டினார் காளிபிரசன்ன சிங்கர் எனும் வங்க இளைஞர். அவரும் ஒரு வாசகர்தானே!

எழுதப் படிக்கத் தெரியாத உழவனுக்கு அச்சு எதற்கு? அவனுக்கு மேடை வேண்டும். 1872 டிசம்பரில் கல்கத்தாவில் டிக்கெட் வாங்கி யாரும் பார்க்கக்கூடிய நேஷனல் தியேட்டர் தொடங்கியபோது, முதலில் ஆடியது நீலதர்ப்பணமே. துரையாக நடித்தவர்மீது வித்யாசாகர் செருப்பை வீசினார் என்றொரு கதையும் உலவுகிறது.

அடுத்த ஆண்டு நவம்பரில் தீனபந்து இறந்தார். ஓயாத அலைச்சல் உடலைத் தின்றது. 1871-ல் ராய் பகதூர் பட்டம் தந்தார்கள்; உரிய உயர்வைத் தரவில்லை. அவர் வங்காளியாக இல்லாதிருந்தால் என்றோ தபால் இலாகாவின் உச்சிக்குப் போயிருப்பார் என்று வருந்தி எழுதினார் பங்கிம். நாடகத்தில் எழுதிய நிறவேற்றுமை, எழுதியவரின் சம்பளப் புத்தகத்திலும் இருந்தது.

1875-ல் லக்னோவில், தோராப் துரையை அடிக்கும் காட்சியில், பார்த்துக்கொண்டிருந்த வெள்ளைச் சிப்பாய்கள் வாளை உருவிக்கொண்டு மேடையேறினர். ஆட்டம் நின்றது. 1876-ல் வைஸ்ராய் அரசு நாடகத் தடைச் சட்டம் கொண்டுவந்தது. வேல்ஸ் இளவரசர் வருகையைக் கிண்டல் செய்த நாடகம் உடனடிக் காரணம்; உறுத்தல் பழையது.

அந்தச் சட்டத்தின் தம்பி நம் வீட்டுக்கும் வந்தான். எம்.ஆர். ராதா இராமாயண நாடகம் ஆடிய 1954-ல், சென்னை மாநிலம் தனக்கென ஒரு நாடகச் சட்டம் செய்துகொண்டது. ஆண்டது வெள்ளையன் அல்ல! அந்தச் சட்டம் செல்லாது என்று சென்னை உயர்நீதிமன்றம் சொன்னது 2013-ல். 1876-ஆம் ஆண்டு அண்ணன் சட்டப் புத்தகத்திலிருந்து நீங்கியது 2018-ல். அதற்கு வெகுகாலம் முன்பே வங்காளத்து அவுரிப் பங்களாக்கள் பல இடிந்து, செடி முளைத்துப்போயிருந்தன.