மகனைப் பறித்த பனியை வென்ற மெக்கானிக்

திருவள்ளூர் மாவட்டம் பள்ளிப்பட்டில் மழைக்காலத்தில் ஆற்றில் வெள்ளம் பெருகினால் தரைப்பாலம் மூழ்கிவிடும். அக்கரையில் இருப்பவர் அக்கரையில். இக்கரையில் இருப்பவர் இக்கரையில்! அந்த நேரத்தில் குழந்தைக்கு நோய் வந்துவிட்டால், பெற்றவர்கள் படும் பாடு சொல்லி முடியாது.

கனடா நாட்டில் ஒரு தகப்பனுக்கு இதே தவிப்பு வந்தது. அங்கே வழியை மறித்தது வெள்ளம் அல்ல, பனி. அந்தத் தகப்பன்தான் ஜோசப் அர்மான் பொம்பார்டியே. பனி மேல் ஓடும் வண்டியை உலகுக்குத் தந்தவர்.

தகப்பனாரின் கட்டளை

1907-ம் ஆண்டு, கியூபெக் மாநிலத்தில் வால்கூர் என்ற சிற்றூரில் பொம்பார்டியே பிறந்தார். வீட்டில் 8 பிள்ளைகள். இவர்தான் மூத்தவர். சிறு வயதிலேயே எந்திரம் என்றால் உயிர்.

ஒரு பழைய போர்டு காரைத் தகப்பனார் அவரிடம் கொடுத்தார். பையன் அதன் எஞ்சினைக் கழற்றினான். சறுக்குப் பலகைகள் மேல் வைத்தான். பின்னால் ஒரு மர விசிறியைப் பூட்டினான். 1922-ம் ஆண்டு இறுதியில், தம்பியுடன் பனி மேல் பறந்தான்! ஊரே வியந்தது. ஆனால், சுழலும் விசிறியைக் கண்டு தகப்பனார் பயந்துவிட்டார். வண்டியைப் பிரித்துவிடும்படி கட்டளையிட்டார்.

மகனைப் பாதிரியார் ஆக்க வேண்டும் என்பது பெற்றோரின் ஆசை. 17-வது வயதில் பையன் அந்தப் படிப்பை விட்டான். மெக்கானிக் வேலை கற்றான். 1926-ல் பொம்பார்டியே சொந்த ஊரிலேயே பட்டறை திறந்தார். அப்போது அவருக்கு வயது 19.

குழந்தையின் மரணம்

1934-ம் ஆண்டு குளிர்காலம். அவருடைய 2 வயது மகன் கடுமையான வயிற்று நோயால் துடித்தான். ஆஸ்பத்திரி ஷெர்புரூக் நகரில் இருந்தது. சாலை முழுவதும் பனி. கார் போக வழி இல்லை. பல ஆண்டுகளாகப் பனி வண்டி செய்ய முயன்றவர் அவர். ஆனால், அன்றைக்கு ஓடக்கூடிய வண்டி ஒன்றும் கைவசம் இல்லை. குழந்தை இறந்துவிட்டது.

பொம்பார்டியே இடிந்து உட்கார்ந்துவிடவில்லை. மீண்டும் பட்டறைக்குள் நுழைந்தார்.

பட்டையின் ரகசியம்

ஆற்று மணலில் வண்டிச் சக்கரம் புதைவது ஏன்? பாரம் முழுவதும் சிறிய இடத்தில் அழுந்துவதால்தான். பனியிலும் அப்படியே. பாரத்தைப் பரப்பிவிட்டால் வண்டி புதையாது. அதற்காக அவர் நீண்ட ரப்பர் பட்டையை அமைத்தார். ரப்பர் போர்த்திய பல் சக்கரம் அதைச் சுழற்றியது. 1937-ல் இதற்குக் காப்புரிமை கிடைத்தது. 7 பேர் அமரும் வண்டி பிறந்தது. பிறகு 12 பேர் அமரும் வண்டியும் வந்தது. டாக்டர்களும் பள்ளிப் பிள்ளைகளும் அதில் போனார்கள்.

இந்தப் பட்டை சைக்கிள் செயினைப் போன்றது. தளர்ந்தால் பல்லை விட்டு நழுவும். அதிகமாக இறுகினால் ஓட்டம் கனக்கும், எஞ்சின் திணறும், பேரிங் தேயும். ஆகவே, பட்டை சிறிது தொய்வாக இருக்க வேண்டும். சைக்கிளின் பின் சக்கரத்தை இருபுறமும் சமமாக நகர்த்துவதுபோல், இங்கும் இரு பக்கத் திருகுகளையும் சமமாகத் திருப்ப வேண்டும். இல்லையேல் பட்டை ஒரு பக்கமாக ஓடி ஓரம் கிழியும். பட்டையின் உள்ளே உருளும் சிறு சக்கரங்களில் ரப்பர் உரிந்தாலோ, பேரிங் சத்தமிட்டாலோ, உடனே மாற்றிவிட வேண்டும்.

மீண்டும் ஒரு சோதனை

1948-ல் புதிய சட்டம் வந்தது. சாலைகளில் பனியை அரசே அகற்றத் தொடங்கியது. பெரிய வண்டிகளின் விற்பனை சரிந்தது. அவர் சளைக்கவில்லை. 1953-ல், சதுப்பு நிலத்திலும் ஓடும் டிராக்டரைக் கொண்டுவந்தார். 1959-ல் 'ஸ்கீ-டூ' என்ற சிறிய பனி வண்டியை விற்பனைக்கு விட்டார். ஓரிருவர் ஏறிச் செல்லும் வண்டி அது. இளமையில் கண்ட கனவு பலித்தது!

1964-ம் ஆண்டு பிப்ரவரி 18-ந் தேதி, புற்றுநோயால் பொம்பார்டியே காலமானார். அப்போது அவருக்கு வயது 56. அவர் தொடங்கிய கம்பெனி பின்னாளில் விமானமும் ரெயில் பெட்டியும் செய்தது. டில்லி மெட்ரோவுக்கும் அது பெட்டிகள் செய்து கொடுத்தது.

தன் பிள்ளையை அவரால் காப்பாற்ற முடியவில்லை. ஆனால், பனியில் சிக்கிய எத்தனையோ வீடுகளுக்கு அவர் வண்டி டாக்டரைக் கொண்டுபோய்ச் சேர்த்தது.