நெருப்புக்குத் தளராத உலோகம் கண்டவர்

1894-ம் ஆண்டு ஜூலை 4-ந் தேதி. அமெரிக்காவின் சுதந்திர தினம். இந்தியானா மாநிலத்தில் கோகோமோ என்ற ஊரில் தெருவெல்லாம் ஒரே கூட்டம். அந்தக் கூட்டத்தின் நடுவே ஒரு குதிரை, விசித்திரமான வண்டி ஒன்றை இழுத்துக்கொண்டு ஊருக்கு வெளியே சென்றது.

ஊரைத் தாண்டியதும் குதிரையை அவிழ்த்துவிட்டார்கள். ஒருவர் வண்டியில் ஏறி எஞ்சினை முடுக்கினார். வண்டி தானாகவே ஓடியது! மணிக்குச் சுமார் 7 மைல் வேகம்!

அவர்தான் எல்வுட் ஹேன்ஸ்.

அமெரிக்காவின் முதல் மோட்டார் கார் தம்முடையதே என்று அவர் உரிமை கொண்டாடினார். ஆனால் டூரியா சகோதரர்கள் 1893-லேயே கார் ஓட்டிவிட்டார்கள். அந்தப் பெருமை நிலைக்கவில்லை. நிலைத்தது வேறொன்று. அது ஓர் உலோகம்.

உலை மூட்டிய சிறுவன்

ஹேன்ஸ் 1857-ம் ஆண்டு அக்டோபர் 14-ந் தேதி போர்ட்லண்ட் என்ற ஊரில் பிறந்தார். தகப்பனார் நீதிபதி. மகனுக்கோ சட்டப் புத்தகத்தில் நாட்டம் இல்லை. கிடைத்த சாமான்களைக் கொண்டு துருத்தியும் உலையும் அமைத்தான். பித்தளையை உருக்கிப் பார்த்தான்.

கல்லூரியில் படித்து 1881-ல் பட்டம் பெற்றார். இரும்பிலும் எஃகிலும் டங்ஸ்டன் சேர்த்தால் என்ன ஆகும் என்பதே அவருடைய ஆராய்ச்சிக் கட்டுரை. பிறகு சில காலம் ஆசிரியர் வேலை. அப்புறம் எரிவாயுக் கம்பெனியில் உத்தியோகம். எரிவாயுக் குழாய்களைப் பார்வையிட வெகு தூரம் குதிரை வண்டியில் போகவேண்டும். குதிரை களைத்துவிடும். அதனால்தான் களைக்காத வண்டி ஒன்று வேண்டும் என்ற எண்ணம் அவருக்குப் பிறந்தது. அப்பர்சன் சகோதரர்களின் பட்டறையில் கார் உருவாயிற்று.

இரும்பின் இரண்டு பகைகள்

கார் எஞ்சினுக்குள் தீப்பொறி உண்டாக்கும் முனைகள் உண்டு. அவை சூட்டில் சீக்கிரம் அரித்துப் போயின. அரிக்காத உலோகம் ஒன்றைத் தேடத் தொடங்கினார் ஹேன்ஸ்.

நெருப்பில் இரும்புக்கு இரண்டு பகைகள். ஒன்று, காற்றில் உள்ள பிராணவாயு. அடுப்பில் வெகு நாள் கிடந்த இரும்புக் கம்பியைப் பாருங்கள். மேலே செதில் செதிலாக உதிரும். இரும்பு பிராணவாயுவோடு சேர்ந்து கரைந்து போகிறது.

இரண்டாவது பகை, சுமை. புதுக் கயிற்றுக் கட்டில் விறைப்பாக இருக்கும். நாள் செல்லச் செல்லத் தொய்ந்துவிடும். சூடேறிய உலோகமும் அப்படித்தான். உருகாது, உடையாது. ஆனால் சுமை தாங்கித் தாங்கி, மயிரிழை மயிரிழையாக நீண்டுகொண்டே போகும்.

நட்சத்திர உலோகம்

1899-ல் ஹேன்ஸ் குரோமியத்தை நிக்கலோடும் கோபால்ட்டோடும் தனித்தனியே சேர்த்து உருக்கினார். பளபளவென்று புது உலோகங்கள் கிடைத்தன. 1907-ல் அவற்றுக்குக் காப்புரிமை பெற்றார்.

இதில் குரோமியத்தின் வேலை என்ன? காய்ச்சிய பாலின் மேல் ஏடு படிகிறதல்லவா? அதுபோல் குரோமியம் பிராணவாயுவோடு சேர்ந்து, உலோகத்தின் மேல் மெல்லிய தோல் ஒன்றைப் போர்த்துகிறது. அந்தத் தோல் உள்ளே இருப்பதைக் காக்கிறது.

கோபால்ட் கலவையில் டங்ஸ்டனும் மாலிப்டினமும் சேர்த்தார். உலோகம் மேலும் கடினமாயிற்று. மங்காமல் மின்னியதால் ஸ்டெல்லைட் என்று பெயரிட்டார். லத்தீன் மொழியில் ஸ்டெல்லா என்றால் நட்சத்திரம்.

1912-ல் தொழிற்சாலை தொடங்கினார். சிவக்கக் காய்ந்த பிறகும் ஸ்டெல்லைட் கருவிகள் இரும்பைச் சீவின. முதல் உலக யுத்தத்தின்போது அவற்றுக்குப் பெரும் கிராக்கி.

கறுக்காத கரண்டியும் கத்தியும் வேண்டும் என்று மனைவி பெர்த்தா கேட்டதாகவும் சொல்வார்கள். துருப்பிடிக்காத எஃகு ஒன்றையும் ஹேன்ஸ் கண்டுபிடித்து, 1919-ல் காப்புரிமை பெற்றார்.

அவர் காணாத வெற்றி

1920-ல் ஸ்டெல்லைட் தொழிற்சாலையை விற்றுவிட்டார். 1924-ல் கார் கம்பெனி திவாலாயிற்று. 1925-ம் ஆண்டு ஏப்ரல் 13-ந் தேதி, தமது 67-ம் வயதில் ஹேன்ஸ் காலமானார்.

பிறகு இரண்டாவது உலக யுத்தம் வந்தது. வானில் உயரப் போனால் காற்று மெலிந்துவிடும். விமான எஞ்சின் திணறும். எஞ்சின் கக்கும் புகையைக் கொண்டே ஒரு சக்கரத்தைச் சுழற்றி, எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளினார்கள். அந்தச் சக்கரத்தின் இதழ்கள் நெருப்பாய்ச் சிவந்து, அதிவேகமாகச் சுழலும். அவை சற்று நீண்டாலும் சுற்றியுள்ள கூட்டில் உரசிவிடும், விமானிக்கு ஆபத்து.

அந்த இதழ்களைக் கோபால்ட், குரோமியம் கலந்த உலோகத்தில் வார்த்தார்கள். ஹேன்ஸ் கண்ட உலோகத்தின் வாரிசு அது! பின்னர் ஜெட் எஞ்சினிலும் அந்தக் குடும்பம் இடம் பிடித்தது. செயற்கை இடுப்பு மூட்டுகளிலும் கோபால்ட்-குரோமியம் உண்டு.

ஹேன்ஸ் நினைத்தது தீப்பொறி முனையையும் வெட்டுங் கருவியையும்தான். அவர் பெயரைத் தாங்கிய கார்கள் போய்விட்டன. அவர் கண்ட உலோகமோ, அவர் பார்த்திராத விமானிகளின் உயிரைக் காத்தது. அவர் அறியாத நோயாளிகளை எழுந்து நடக்க வைத்தது.