ஐன்ஸ்டைனும் ஒற்றர் கோப்பும்

எழுத்தறியாத என் தாய்க்கு வரும் கடிதங்களை அண்டை வீட்டாரே பிரித்துப் படிப்பர்; எங்கள் கடன் ஊருக்கே தெரிந்துவிடும். நான் படிக்கக் கற்ற பின்னரே எங்கள் கடிதம் எங்களுடையதாயிற்று. அதனால்தானோ என்னவோ, இயற்பியல் மாணவனான என்னை ஐன்ஸ்டைனின் சமன்பாட்டினும் அவர் பட்ட இன்னலே மிகுதியும் உருக்கியது.

1879-ல் ஜெர்மனியின் உல்ம் நகரில் பிறந்த அம்மேதை, இட்லர் ஆட்சிக்கு வந்த 1933-ல் தாயகம் துறந்து அமெரிக்காவின் பிரின்ஸ்டனில் குடியேறினார். ஆனால் 1932-லேயே அந்நாட்டுப் புலனாய்வுத் துறையில் அவர் பெயரில் கோப்பு தொடங்கிவிட்டது! போரை வெறுத்ததும், கறுப்பின மக்களின் உரிமைக்குக் குரல் கொடுத்ததும் ஐயத்திற்கு இடமாயின. 1940-ல் நம்பத்தகாதவரென அணுகுண்டு ஆய்வினின்றும் விலக்கப்பட்டார். 1950-ல் ஹைட்ரஜன் குண்டைக் கண்டித்ததும், துறைத் தலைவர் ஹூவர் விசாரணையை முடுக்கினார். கடிதங்களும் கண்காணிக்கப்பட்டன. 1955-ல் ஐன்ஸ்டைன் மறைந்தார். கோப்பின் பக்கங்கள் 1,400-க்கும் மேல். மெய்ப்பிக்கப்பட்ட குற்றம் ஒன்றுமில்லை.

இன்று நம் சட்டைப்பைக் கைபேசியே நாம் செல்லுமிடத்தைக் குறித்து வைக்கிறது. மறைக்க ஏதுமில்லாதவர் ஏன் அஞ்ச வேண்டும் என்பர் சிலர். தோழர்களே, ஐன்ஸ்டைன் எந்தக் குற்றத்தை மறைத்தார்? கடன்பட்ட என் தாய்தான் எந்தக் குற்றத்தை மறைத்தார்?