கார்லோ அபார்த்

கார்லோ அபார்த் (நவம்பர் 15, 1908 – அக்டோபர் 24, 1979) ஆஸ்திரியாவில் பிறந்து இத்தாலியில் புகழ்பெற்ற மோட்டார் சைக்கிள் பந்தய வீரரும், மகிழுந்து வடிவமைப்பாளரும், தொழில் முனைவோரும் ஆவார். குறைந்த விலையில் எளிய மக்களுக்காக உருவாக்கப்பட்ட ஃபியட் 500, ஃபியட் 600 ஆகிய சிறிய மகிழுந்துகளின் இயந்திரங்களை மாற்றியமைத்து, அவற்றின் திறனை இரண்டு மடங்காகவும் அதற்கு மேலாகவும் உயர்த்தியவர் என்பதற்காக இவர் பெரிதும் அறியப்படுகிறார். 1949 இல் இவர் நிறுவிய அபார்த் நிறுவனம் தேள் உருவத்தைத் தன் சின்னமாகக் கொண்டது. அபார்த் பிறந்த இராசி விருச்சிகம் என்பதே இதற்குக் காரணம்.

இளமைக்காலம்

அபார்த் வியன்னா நகரில் பிறந்தார். இயற்பெயர் கார்ல் அபார்த். இவரது தந்தை வழியினர், இன்று இத்தாலியின் பகுதியாக உள்ள மெரானோ நகரைச் சேர்ந்தவர்கள். பிற்காலத்தில் இவர் இத்தாலியக் குடியுரிமை பெற்றுத் தம் பெயரைக் கார்லோ என மாற்றிக்கொள்ள இத்தொடர்பு உதவியது.

பதின்ம வயதிலேயே வியன்னாவில் மோட்டார் சைக்கிள் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தார். 1920களின் இறுதியில் பந்தயங்களில் ஓட்டத் தொடங்கினார். 1930 இல் லின்ஸ் நகரில் நிகழ்ந்த விபத்துக்குப் பின்னர் சைடுகார் பூட்டிய மோட்டார் சைக்கிள்களுக்கு மாறினார். 1934 இல் பெல்ஜியத்தின் ஒஸ்டெண்ட் நகரிலிருந்து வியன்னா வரை, ஏறத்தாழ 1,300 கிலோமீட்டர் தொலைவுக்கு, புகழ்பெற்ற ஓரியண்ட் எக்ஸ்பிரஸ் தொடருந்துடன் போட்டியிட்டுச் சைடுகார் வண்டியில் அதற்கு முன்பாக வந்து சேர்ந்தார்.

1930களின் இறுதியில் யுகோஸ்லாவியாவில் ஏற்பட்ட கடும் விபத்து இவரது மோட்டார் சைக்கிள் பந்தய வாழ்வை முடித்து வைத்தது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தை லியுப்லியானா நகரில் கழித்தார்.

சிசிட்டாலியா

போருக்குப் பின்னர் அபார்த் மெரானோவில் குடியேறினார். இவரது முதல் மனைவி, ஃபெர்டினாண்ட் போர்ஷேயின் மருமகனான அன்டோன் பியெக்கிடம் செயலாளராகப் பணிபுரிந்தவர். இந்த அறிமுகத்தின் வழியாக அபார்த், ருடால்ஃப் ருஸ்காவுடன் சேர்ந்து, போர்ஷே வடிவமைப்பு அலுவலகத்தின் இத்தாலியப் பணிகளைக் கவனித்தார்.

அக்காலத்தில் தூரின் நகரத் தொழிலதிபர் பியரோ டூசியோ, சிசிட்டாலியா என்ற பந்தய மகிழுந்து நிறுவனத்தை நடத்தி வந்தார். அவருக்காகப் போர்ஷே அலுவலகம் 12 சிலிண்டர்களும் நான்கு சக்கர இயக்கமும் கொண்ட கிராண்ட் பிரீ மகிழுந்து ஒன்றை வடிவமைத்தது. இத்திட்டத்தின் செலவு நிறுவனத்தின் சக்திக்கு மீறியதாக இருந்தது. சிசிட்டாலியா நிதி நெருக்கடியில் வீழ்ந்தது. டூசியோ அர்ஜென்டினாவுக்குச் சென்றார். அங்குப் பந்தயப் பிரிவில் பணியாற்றிய அபார்த்துக்குச் சேர வேண்டிய தொகைக்கு ஈடாகச் சில 204 வகைப் பந்தய மகிழுந்துகளும் உதிரிப்பாகங்களும் கிடைத்தன.

நிறுவனத் தொடக்கம்

இவற்றை முதலாகக் கொண்டும், அர்மாண்டோ ஸ்காலியாரினியின் நிதியுதவியுடனும், 1949 மார்ச் 31 அன்று போலோனியா நகரில் அபார்த் நிறுவனம் தொடங்கப்பட்டது. விரைவில் அது தூரின் நகருக்கு மாறியது. 1950 ஏப்ரல் 10 அன்று சிசிலியில் நடந்த மலையேற்றப் பந்தயத்தில், புகழ்பெற்ற ஓட்டுநர் தாசியோ நுவோலாரி, அபார்த் 204 மகிழுந்தை ஓட்டித் தம் வகுப்பில் முதலிடம் பெற்றார். அதுவே நுவோலாரியின் கடைசிப் பந்தயமாகவும் அமைந்தது.

பந்தய வெற்றிகள் புகழைத் தந்தாலும் நிறுவனத்தைத் தாங்கும் வருமானத்தைத் தரவில்லை. அவ்வருமானம் சைலன்சர் விற்பனையிலிருந்து வந்தது. புகை எளிதில் வெளியேறும் வகையில் அபார்த் வடிவமைத்த சைலன்சர்கள் பல நிறுவனங்களின் மகிழுந்துகளுக்குப் பொருந்துமாறு செய்யப்பட்டன. சொந்த மகிழுந்தின் ஒலியையும் திறனையும் சற்றே மாற்ற விரும்பிய சாதாரண மக்கள் இவற்றை வாங்கினர். 1962 இல் ஆண்டு உற்பத்தி இரண்டு இலட்சத்தைத் தாண்டியிருந்தது.

ஃபியட் மகிழுந்துகளை மாற்றியமைத்தல்

1955 இல் ஃபியட் நிறுவனம் 600 என்ற சிறிய மகிழுந்தை வெளியிட்டது. பின்புறத்தில் பொருத்தப்பட்ட அதன் 633 சிசி இயந்திரத்தின் திறன் ஏறத்தாழ 21 குதிரைத்திறன். அபார்த் இதனை அடிப்படையாகக் கொண்டு 750 என்ற வகையை உருவாக்கினார். முழு மகிழுந்தாக மட்டுமன்றி, மாற்றத்துக்குத் தேவையான பாகங்களை ஒரே தொகுப்பாகவும் விற்றார். எந்த ஊர்ப் பட்டறையிலும் அத்தொகுப்பைப் பொருத்திக்கொள்ள முடிந்தது.

அபார்த்தின் முறையைப் புரிந்துகொள்ள ஓர் அடிப்படை உண்மையை அறிய வேண்டும். பெட்ரோல் முழுமையாக எரிய, அதன் எடையைப் போல் ஏறத்தாழ 14.7 மடங்கு எடையுள்ள காற்று தேவை. எனவே பெட்ரோலை மட்டும் கூட்டுவதால் திறன் கூடாது. கூடுதல் காற்று உள்ளே வர வேண்டும், நன்கு அழுத்தப்பட வேண்டும், எரிந்த புகை தடையின்றி வெளியேற வேண்டும். அபார்த் இவற்றில் ஒன்றை மட்டும் மாற்றவில்லை. எல்லாவற்றையும் ஒன்றுக்கொன்று பொருந்துமாறு மாற்றினார்.

600 இயந்திரத்தில் சிலிண்டரின் விட்டம் 60 மில்லிமீட்டரிலிருந்து 61 ஆகவும், பிஸ்டன் மேலும் கீழும் நகரும் தொலைவு 56 இலிருந்து 64 ஆகவும் உயர்த்தப்பட்டது. இதற்குப் புதிய கிராங்க் தண்டு தேவைப்பட்டது. அழுத்த விகிதம் கூட்டப்பட்டது. வால்வுகளை அதிக நேரம் திறந்து வைக்கும் கேம் தண்டும், பெரிய கார்புரேட்டரும், அபார்த் சைலன்சரும் சேர்க்கப்பட்டன. திறன் கூடினால் வெப்பமும் கூடும் என்பதால், பிற்காலப் பந்தய வகைகளில் எண்ணெயைக் குளிர்விக்கும் அமைப்பும், முன் சக்கரங்களுக்கு வட்டு நிறுத்திகளும் இடம்பெற்றன. பின்புற இயந்திர மூடியைத் திறந்தபடியே தாங்குகோலால் நிறுத்தி வைத்து ஓடுவது இம்மகிழுந்துகளின் அடையாளமாயிற்று. இயந்திரம் குளிர்வதற்கும், காற்றோட்டத்தைச் சீராக்குவதற்கும் அது உதவியது.

முக்கிய வகைகள்:

- ஃபியட் 600 (1955): 633 சிசி, ஏறத்தாழ 21 குதிரைத்திறன்
- அபார்த் 750 (1956): 747 சிசி, 40 குதிரைத்திறனுக்கு மேல்
- அபார்த் 850 டிசி (1961): 847 சிசி, 52 குதிரைத்திறன்
- ஃபியட் 500 (1957): 479 சிசி, 13 குதிரைத்திறன்
- அபார்த் 595 (1963): 594 சிசி, 27 குதிரைத்திறன்
- அபார்த் 695 எஸ்எஸ் (1964): 689.5 சிசி, 38 குதிரைத்திறன்

600 வரிசையின் இயந்திரம் பின்னர் 982 சிசி வரை வளர்ந்தது. 1970 ஆம் ஆண்டின் பந்தய வகையில் அதன் திறன் 100 குதிரைத்திறனைக் கடந்தது. 1965, 1966, 1967 ஆகிய ஆண்டுகளில் ஐரோப்பியப் பயண மகிழுந்துப் போட்டியின் சிறிய இயந்திரப் பிரிவில் இவ்வரிசை மகிழுந்துகள் பட்டம் வென்றன.

சாதனை ஓட்டங்களும் ஃபியட் உடன்பாடும்

ஃபியட் 500 வெளிவந்த தொடக்கத்தில் அதன் திறன் போதாது என்ற கருத்து நிலவியது. விற்பனையும் எதிர்பார்த்த அளவில் இல்லை. 1958 பிப்ரவரி 13 முதல் 20 வரை, மோன்சா ஓடுதளத்தில் அபார்த் மாற்றியமைத்த 500 ஒன்று ஏழு பகலும் ஏழு இரவும் ஓடியது. அது கடந்த தொலைவு 18,186 கிலோமீட்டர். சராசரி வேகம் மணிக்கு 108.252 கிலோமீட்டர். சிறிய இயந்திரம் வேகமாக ஓடக்கூடியது என்பதோடு, நெடுநேரம் தாங்கக்கூடியது என்பதையும் இது காட்டியது.

இதன்பின் ஃபியட் நிறுவனம், தன் மகிழுந்துகளை அடிப்படையாகக் கொண்டு அபார்த் பெறும் ஒவ்வொரு வெற்றிக்கும் சாதனைக்கும் பணம் வழங்க உடன்பட்டது. நேரடியாகப் பந்தயத்தில் இறங்காமலே ஃபியட்டுக்கு விளம்பரம் கிடைத்தது. அபார்த்துக்கு வருமானம் கிடைத்தது. ஆனால் அதே அளவுக்கு அவரது நிறுவனம் ஃபியட்டைச் சார்ந்ததாகவும் ஆனது.

1965 அக்டோபரில், 56 வயதில், அபார்த் தாமே மோன்சாவில் ஒற்றை இருக்கை மகிழுந்தை ஓட்டி முடுக்கச் சாதனைகள் படைத்தார். அதன் குறுகிய இருக்கையில் அமர்வதற்காக, பெரும்பாலும் ஆப்பிள்களை மட்டும் உண்டு ஏறத்தாழ 30 கிலோ எடை குறைத்தார்.

நிறுவன விற்பனையும் இறுதிக்காலமும்

1960களின் இரண்டாம் பாதியில் அபார்த் பெரிய பந்தய மகிழுந்துகளில் முதலீடு செய்தார். தலைமை வடிவமைப்பாளர் மாரியோ கொலூச்சியின் காலத்தில் 2 லிட்டர், 3 லிட்டர் இயந்திரங்கள் உருவாயின. 12 சிலிண்டர் கொண்ட 6 லிட்டர் இயந்திரம் ஒன்றும் திட்டமிடப்பட்டது. 1968 முதல் அவ்வகைப் பந்தய மகிழுந்துகளுக்கு 3 லிட்டர் வரம்பு விதிக்கப்பட்டதால் அத்திட்டம் கைவிடப்பட்டது. சிறிய மகிழுந்துகளிலும் சைலன்சர்களிலும் ஈட்டிய பணம் இவ்வாறு பெரிய திட்டங்களில் செலவானது. முன்னர் சிசிட்டாலியாவை வீழ்த்தியதும் இத்தகைய சுமையே.

1971 இல் அபார்த் தம் நிறுவனத்தை ஃபியட்டுக்கு விற்றார். பந்தயக் குழுவின் உடைமைகள் என்சோ ஓசெல்லாவிடம் சென்றன. பின்னர் அபார்த் வியன்னாவுக்குத் திரும்பி, 1979 அக்டோபர் 24 அன்று அங்கே காலமானார். அவரது பெயரைத் தாங்கிய ஃபியட் 131 அபார்த் 1977, 1978, 1980 ஆகிய ஆண்டுகளில் உலக ராலிப் போட்டியில் தயாரிப்பாளர் பட்டத்தைப் பெற்றது.

உணரிகளின் காலத்தில் அபார்த்தின் முறை

அபார்த் புகழ்பெற்ற சிறிய மகிழுந்துகளில் மின்னணு உணரிகள் இல்லை. காற்றுக்கும் பெட்ரோலுக்கும் உள்ள விகிதத்தைக் கார்புரேட்டரின் துளைகளும், தீப்பொறி எழும் நேரத்தை டிஸ்ட்ரிபியூட்டரும் தீர்மானித்தன. இன்றைய மகிழுந்துகளில் இவ்வேலைகளை இயந்திரக் கட்டுப்பாட்டுக் கணினி செய்கிறது. காற்றழுத்தம், வெப்பநிலை, புகையில் எஞ்சியுள்ள ஆக்சிஜன், சிலிண்டருக்குள் எழும் முறையற்ற எரிதலின் அதிர்வு ஆகியவற்றை உணரிகள் அதற்குத் தெரிவிக்கின்றன. இம்மாற்றம் அபார்த்தின் வாழ்நாளிலேயே தொடங்கியது. 1967 இல் பாஷ் நிறுவனத்தின் மின்னணு எரிபொருள் செலுத்தும் அமைப்பு ஃபோக்ஸ்வாகன் 1600 மகிழுந்திலும், 1976 இல் ஆக்சிஜன் உணரி வோல்வோ மகிழுந்திலும் அறிமுகமாயின.

இக்காலத்தில் சிலர், வெப்பநிலை உணரியின் இணைப்பில் ஒரு மின்தடையைச் சேர்த்து, உள்ளே வரும் காற்று குளிர்ந்தது எனக் கணினியை நம்பச் செய்து திறனைக் கூட்ட முயல்வதுண்டு. கணினி கூடுதல் பெட்ரோலைச் செலுத்தினாலும் காற்றின் அளவு மாறுவதில்லை. வழக்கமான ஓட்டத்தில் ஆக்சிஜன் உணரி அந்த மிகுதியைக் கண்டறிந்து குறைக்கச் செய்கிறது. அதன் எல்லையையும் தாண்டினால் எரிபொருள் வீணாகிறது. புகையைத் தூய்மையாக்கும் வினையூக்கி மாற்றியும் சேதமடையக்கூடும். காற்று, அழுத்தம், தீப்பொறி, புகைவழி, குளிர்விப்பு ஆகிய அனைத்தையும் சேர்த்து மாற்றிய அபார்த்தின் முறை இதற்கு நேர் எதிரானது.

2007 இல் ஃபியட் அபார்த் பெயரை மீண்டும் தனி நிறுவனமாக்கியது. 2008 இல் வந்த அபார்த் 500 மகிழுந்தின் 1.4 லிட்டர் டர்போ இயந்திரம் 135 குதிரைத்திறன் கொண்டது. அதனை 160 ஆக உயர்த்தும் தொகுப்பு, பழைய நாட்களை நினைவூட்டும் வகையில், மரப்பெட்டியில் வைத்து வழங்கப்பட்டது. கட்டுப்பாட்டுக் கணினிக்கான புதிய நிரலுடன் காற்று வடிகட்டி, சுருள்வில்கள், நிறுத்தி வட்டுகள் ஆகியனவும் அத்தொகுப்பில் அடங்கியிருந்தன. இந்தியாவில் 2015 இல் அபார்த் 595 மகிழுந்தும், 145 குதிரைத்திறன் கொண்ட அபார்த் புண்டோ மகிழுந்தும் விற்பனைக்கு வந்தன.