கட்டி எல்லாம் புற்றுநோய் அன்று: டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் வாழ்வும் சிறுநீரகக் கட்டிகளும்

சிறுநீரகத்தில் கட்டி இருப்பதாக ஸ்கேன் அறிக்கையில் படித்தவுடன் பலர் புற்றுநோய் என்றே முடிவு செய்து விடுகின்றனர். அடையாறு புற்றுநோய் மருத்துவமனைக்குச் செல்லுமாறு மருத்துவர் பரிந்துரைத்தால் அச்சம் மேலும் கூடுகிறது. அம்மருத்துவமனை தோன்றக் காரணமானவரின் வாழ்வை அறிந்தால் அவ்வச்சம் குறையும்.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1886 ஜூலை 30 அன்று புதுக்கோட்டையில் பிறந்தார். பெண்கள் உயர்கல்வி பெறுவது அரிதாக இருந்த அக்காலத்தில், மன்னரின் அனுமதியுடன் அங்குள்ள மகாராஜா கல்லூரியில் பயின்றார். 1907-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து, 1912-இல் பட்டம் பெற்றார். 1914-இல் டாக்டர் சுந்தர ரெட்டியை மணந்தார். பின்னர் சென்னை மாகாணச் சட்ட மேலவையின் முதல் பெண் உறுப்பினராகவும் துணைத் தலைவராகவும் விளங்கினார். தேவதாசி முறை ஒழிப்புக்காகப் போராடினார். ஆதரவற்ற பெண்களுக்காக அவர் தொடங்கிய அவ்வை இல்லம் அடையாற்றில் இன்றும் இயங்கி வருகிறது.

தங்கையின் மரணமும் அடையாறு மருத்துவமனையும்

அவருடைய தங்கை இளம் வயதிலேயே புற்றுநோயால் இறந்தார். அத்துயரமே புற்றுநோய்க்கெனத் தனி மருத்துவமனை அமைக்கும் உறுதியை அவருக்குத் தந்தது. புற்றுநோய் வந்தவர் எப்படியும் இறந்து விடுவார், அதற்குத் தனி மருத்துவமனை எதற்கு என்ற எண்ணம் அன்று பரவலாக இருந்தது. அவர் தளராமல் பல்லாண்டுகள் நிதி திரட்டினார். 1952-இல் பிரதமர் நேரு அடிக்கல் நாட்டினார். 1954-இல் 12 படுக்கைகளுடன் மருத்துவமனை தொடங்கியது. அவருடைய மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும் டாக்டர் சாந்தாவும் அதனை வளர்த்தெடுத்தனர். முத்துலட்சுமி ரெட்டி 1968 ஜூலை 22 அன்று மறைந்தார்.

நோயாளி தாமதமின்றி வர வேண்டும், நோயின் இயல்பு சரியாகக் கண்டறியப்பட வேண்டும் என்ற இரண்டும் இத்தகைய மருத்துவமனைகளின் அடிப்படை. அங்கு அனுப்பப்படும் எல்லாருக்கும் புற்றுநோய் இருப்பதில்லை. அது இல்லை என உறுதி செய்வதும் அங்கு நடைபெறும் பணியே.

தீங்கற்ற சிறுநீரகக் கட்டிகள்

சிறுநீரகத்தில் தோன்றும் தீங்கற்ற திடக் கட்டிகளுள் ஆஞ்சியோமயோலிப்போமா என்பது பரவலாகக் காணப்படுவது. இரத்த நாளம், தசை, கொழுப்பு ஆகிய மூன்றும் கலந்து உருவாகும் இக்கட்டி பெண்களிடம் மிகுதியாகக் காணப்படுகிறது. இதிலுள்ள கொழுப்பைக் கொண்டு சி.டி. அல்லது எம்.ஆர்.ஐ. ஸ்கேனில் இதனைப் பெரும்பாலும் அடையாளம் காணலாம். ஆன்கோசைட்டோமா என்பது மற்றொரு வகை. ஸ்கேனில் இது புற்றுநோயைப் போலவே தோன்றக்கூடும் என்பதால் திசுப் பரிசோதனை தேவைப்படலாம்.

சிறுநீரகத்துக்கு வெளியே காணப்பட்டால்

ஆஞ்சியோமயோலிப்போமா அரிதாகக் கல்லீரலிலும் வயிற்றின் பின்புறப் பகுதியிலும் நிணநீர்க் கணுக்களிலும் காணப்படும். சிறுநீரகத்திலும் கல்லீரலிலும் ஒரே நேரத்தில் இருந்தால், புற்றுநோய் பரவிவிட்டது எனக் கருத வேண்டியதில்லை. பெரும்பாலும் அவை அந்தந்த உறுப்பிலேயே தனித்தனியாகத் தோன்றியவை. ஆன்கோசைட்டோமாவும் உமிழ்நீர்ச் சுரப்பி போன்ற பிற உறுப்புகளில் தனியாகத் தோன்றக்கூடும்.

பல கட்டிகள் இருந்தால் டியூபரஸ் ஸ்கிளிரோசிஸ் என்னும் மரபணு நோய் உள்ளதா எனப் பரிசோதிக்க வேண்டும். வலிப்பும் முகத்தில் சிறு பருக்கள் போன்ற தடிப்புகளும் அதன் அறிகுறிகளாக இருக்கலாம். ஆஞ்சியோமயோலிப்போமாவில் மிக அரிதான ஒரு வகை புற்றுநோய் போல நடந்துகொள்ளக்கூடும். எனவே தொடர் கண்காணிப்பைக் கைவிடக் கூடாது.

சிகிச்சை

தொந்தரவு தராத சிறு கட்டிகளுக்குக் குறிப்பிட்ட கால இடைவெளியில் ஸ்கேன் எடுத்தாலே பெரும்பாலும் போதுமானது. ஆஞ்சியோமயோலிப்போமா 4 செ.மீ.க்கு மேல் வளர்ந்தால் இரத்தக் கசிவு ஏற்படும் வாய்ப்பு கூடுகிறது. அப்போது கட்டிக்குச் செல்லும் இரத்த நாளத்தை அடைத்தல், கட்டியை மட்டும் அகற்றுதல் போன்றவற்றை மருத்துவர் பரிந்துரைக்கலாம். டியூபரஸ் ஸ்கிளிரோசிஸ் உள்ளவர்களுக்கு எவரோலிமஸ் மருந்து கட்டியைச் சுருக்க உதவும்.

கர்ப்ப காலத்தில் இக்கட்டி வளர்ந்து இரத்தம் கசியக்கூடும். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் பெயரால் தமிழ்நாடு அரசு மகப்பேறு நிதியுதவித் திட்டத்தை நடத்தி வருகிறது. அதற்காக ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதிவு செய்யும் கர்ப்பிணிகள், தமக்குச் சிறுநீரகக் கட்டி இருப்பின் அன்றே தெரிவித்து, பழைய ஸ்கேன் அறிக்கையையும் காட்ட வேண்டும்.

திடீரென இடுப்பின் பக்கவாட்டில் கடும் வலி, சிறுநீரில் இரத்தம், தலைச்சுற்றல், மயக்கம் ஆகியவற்றுள் எது ஏற்பட்டாலும் உடனே 108 ஆம்புலன்ஸை அழைத்து அருகிலுள்ள அரசு மருத்துவமனைக்குச் செல்லவும்.