புக்கோம் தீவும் ஒரு பங்காளிச் சண்டையும்: ‘ஷெல்’ மார்க்கஸ் சாமுவலின் கதை

வானம் தெளிவாக இருக்கும் நாளில் பாசிர் பாஞ்சாங் பக்கம் போய்த் தெற்கே பாருங்கள். கப்பல்களுக்கு அப்பால் எண்ணெய்த் தொட்டிகளும் உயரமான புகைபோக்கிகளும் தெரியும். அதுதான் புக்கோம் தீவு.

ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக ஷெல் நிறுவனத்தின் கோட்டையாக இருந்த தீவு அது. 2025 ஏப்ரலில் கைமாறிவிட்டது. வாங்கியது இந்தோனேசியாவின் சந்திரா அஸ்ரியும் சுவிட்சர்லந்தின் கிளென்கோரும் சேர்ந்து அமைத்த கூட்டு நிறுவனம்.

இரண்டு நாட்டு நிறுவனங்கள் சேர்ந்து தொழில் செய்வது அந்தத் தீவுக்குப் புதிதல்ல. ரஷ்ய எண்ணெய், பிரெஞ்சுப் பணம், டச்சு மூளை, பிரிட்டிஷ் கப்பல் என்று அங்கே ஒரு காலத்தில் பெரிய பங்காளிக் கூட்டமே இருந்தது. தமிழில் ‘பங்காளி’ என்றால் கூட்டாளி. சொத்துக்கு மல்லுக்கட்டும் சொந்தக்காரருக்கும் அதே சொல்தான்! இந்தக் கதையில் இரண்டு அர்த்தமும் வரும்.

யார் இந்த மார்க்கஸ் சாமுவல்?

1853-ல் கிழக்கு லண்டனில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தவர். அப்பா கடற்சிப்பி வியாபாரி. சிப்பி ஒட்டிய அலங்காரப் பெட்டிகளை விற்பார். பின்னாளில் மகன் தொடங்கிய எண்ணெய் நிறுவனத்துக்கு ‘ஷெல்’, அதாவது சிப்பி என்ற பெயர் வந்தது அப்படித்தான்.

அப்பா போனபிறகு மார்க்கஸும் தம்பி சாமுவலும் (ஆமாம், தம்பி பெயர் சாமுவல் சாமுவல்) ஆசியாவுடன் வாணிபம் செய்தார்கள். தம்பி ஜப்பானில் கடை போட்டார். சிங்கப்பூரில் சைம் அண்ட் கோ என்ற நிறுவனம் அவர்களுக்கு முகவர்.

1890-ல் மார்க்கஸ் ரஷ்யப் பேரரசின் காக்கசஸ் பகுதிக்குப் போனார். கூடப் போனவர் ஃபிரெட் லேன் என்ற கப்பல் தரகர். இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பாகுவில் எண்ணெய் ஆறாக ஓடியது. பாரிஸின் ரோத்ஸ்சைல்ட் குடும்பம் அதில் பெரிய முதலீடு செய்திருந்தது. ஆனால் விற்கச் சந்தை போதவில்லை. ஆசியச் சந்தை அமெரிக்க ராக்ஃபெல்லரின் ஸ்டாண்டர்ட் ஆயில் கையில்.

1891-ல் ஒப்பந்தம் கையெழுத்தானது. சூயஸுக்குக் கிழக்கே ரோத்ஸ்சைல்டின் மண்ணெண்ணெயை விற்கும் உரிமை சாமுவலுக்கு. 9 ஆண்டுகளுக்கு.

புக்கோம் எப்படி உள்ளே வந்தது?

ஸ்டாண்டர்ட் ஆயில் எண்ணெயைத் தகர டின்களில் அடைத்து, இரண்டு டின்னுக்கு ஒரு மரப்பெட்டி என்று அனுப்பிக்கொண்டிருந்தது. சாமுவல் யோசித்தது வேறு. கப்பலையே ஒரு பெரிய தொட்டியாகக் கட்டி, சூயஸ் கால்வாய் வழியாக அனுப்பினால் செலவு பாதியாகக் குறையுமே!

தீப்பிடிக்கும் என்று பயந்து எண்ணெய்க் கப்பல்களைக் கால்வாய்க்குள் விட்டதே இல்லை. அதற்கேற்ற பாதுகாப்புடன் ‘மியூரெக்ஸ்’ என்ற கப்பல் கட்டப்பட்டது. அதுவும் ஒரு சிப்பியின் பெயர்தான். 1892 ஆகஸ்ட் 24-ல் மியூரெக்ஸ் சூயஸைக் கடந்து சிங்கப்பூர் நோக்கி வந்தது.

இங்கே வேறு சிக்கல். நகருக்குப் பக்கத்தில் இவ்வளவு எண்ணெயைச் சேமிக்கக் காலனித்துவ அரசாங்கம் சம்மதிக்கவில்லை. அதனால் கப்பல்கள் குடிநீர் எடுத்துக்கொண்டிருந்த புக்கோம் தீவில் தொட்டிகள் எழுந்தன. புக்கோம் என்ற பெயரே ஒரு வகைச் சிப்பியின் மலாய்ப் பெயரிலிருந்து வந்தது என்று சொல்வார்கள். சினிமாவில் வந்தால் நம்ப மாட்டோம்!

டின் இல்லாத எண்ணெய்

எண்ணெய் வந்து இறங்கியது. ஆனால் பல ஆசிய ஊர்களில் வாங்க ஆளில்லை. என்ன ஆச்சு?

மக்களுக்கு எண்ணெய் மட்டும் போதாது, டின்னும் வேண்டும். 1892-ல் நம்ம சிராங்கூன் ரோட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். மாட்டுக் கொட்டகைகள் நிறைந்த பகுதி, கடைகளில் மின்விளக்கு கிடையாது. அப்படிப்பட்ட ஊர்களில் காலி டின் ஒரு சொத்து. தண்ணீர் சுமக்கலாம், வெட்டிப் பிரித்துக் கூரை போடலாம். ஸ்டாண்டர்ட் ஆயிலின் நீல டின் அப்படித்தான் வீடுவீடாக நுழைந்தது. பாத்திரத்தோடு கடைக்கு வருவார்கள் என்று லண்டனில் உட்கார்ந்து போட்ட கணக்கு வேலைக்கு ஆகலை.

சாமுவல் விட்டுவிடவில்லை. தகரத் தகடுகளை அனுப்பி, ஆங்காங்கே டின் செய்யவைத்தார். நிறம் சிவப்பு. துருப்பிடித்த நீல டின்னுக்குப் பக்கத்தில் பளபளக்கும் சிவப்பு டின். சந்தை மெல்லத் திரும்பியது.

அடுத்த ஏற்பாடுதான் எனக்குப் பிடித்தது. ராக்ஃபெல்லரின் வழக்கம் ஓர் ஊரில் விலையைத் தரைமட்டத்துக்கு இறக்கிப் போட்டியாளரை நசுக்குவது. நட்டத்தை வேறு ஊரில் ஈடுகட்டுவது. 1893-ல் சாமுவல் தன் ஆசிய முகவர்களை எல்லாம் ஒரே கூட்டணியாக்கினார். எந்தத் துறைமுகத்தில் நட்டம் வந்தாலும் அது எல்லாருக்கும் பொது, லாபமும் பொது. சிங்கப்பூரில் அடிவாங்கினால் மற்றத் துறைமுகங்கள் தாங்கும். முகவர்களுக்குள் உரசல் வர முக்கியக் காரணமே அடிபட்டுப்போனது. 1897-ல் அந்தக் கூட்டணி ஷெல் டிரான்ஸ்போர்ட் அண்ட் டிரேடிங் நிறுவனமானது.

சரி, சண்டை எங்கே?

முதல் விரிசல் ரஷ்ய எண்ணெயில். ரோத்ஸ்சைல்ட் தரப்பு ஒருபக்கம் சாமுவலுக்கு எண்ணெய் கொடுத்தது, மறுபக்கம் ராக்ஃபெல்லர் ஆட்களுடன் உலகச் சந்தையைப் பிரித்துக்கொள்ளப் பேசியது. அந்தப் பேச்சு கைகூடவில்லை. ஆனாலும் சொந்தக் கிணறு இல்லாதவனின் நிலைமை சாமுவலுக்குப் புரிந்தது. போர்னியோவில் தோண்டினார், டெக்சஸ் எண்ணெய்க்கு நீண்டகால ஒப்பந்தம் போட்டார். போர்னியோ எண்ணெய் விளக்குக்குச் சரிப்படவில்லை. டெக்சஸ் கிணறு வற்றத் தொடங்கியது.

இந்த நேரத்தில் வந்தவர் ஹென்றி டெட்டர்டிங். ராயல் டச்சு நிறுவனத்தின் தலைவர், முன்பு பினாங்கில் வேலை பார்த்தவர், கணக்குப் புலி. மூன்று தரப்பும் கிழக்கில் ஒன்றையொன்று விலையில் வெட்டிக்கொண்டால் லாபம் ராக்ஃபெல்லருக்குத்தான் என்பது அவர் வாதம். நடுவில் நின்று பேச்சு நடத்தியவர் அதே ஃபிரெட் லேன். 1903-ல் ஏஷியாட்டிக் பெட்ரோலியம் உருவானது. ஷெல், ராயல் டச்சு, ரோத்ஸ்சைல்ட், ஆளுக்கு மூன்றில் ஒரு பங்கு. சாமுவல் தலைவர், டெட்டர்டிங் நிர்வாக இயக்குநர்.

பங்கு சமம், அதிகாரம்? அங்கேதான் சாமுவல் சறுக்கினார் என்பேன். டெட்டர்டிங்கின் பதவிக்காலம் 3 ஆண்டு போதும் என்று அவர் நினைத்தார். 21 ஆண்டு வேண்டும் என்று டெட்டர்டிங் அடம்பிடித்து வாங்கிக்கொண்டார். அன்றாட விலை, கப்பல், கொள்முதல் எல்லாம் அவர் மேசைக்குப் போயின. அதே சமயம் சாமுவல் லண்டன் மாநகர மேயர்! 1902 நவம்பர் முதல் ஓராண்டுக்கு ஊர்வலம், விருந்து, வரவேற்பு. நிறுவனத்தை நடத்தும் லட்சணம் சரியில்லை என்று லேன் ஏற்கெனவே ஷெல் இயக்குநர் குழுவை விட்டு விலகி, ஏஷியாட்டிக்கில் டெட்டர்டிங்குக்குத் துணையாகிவிட்டார்.

1906-க்குள் ஷெல் தளர்ந்துபோனது. முழுமையாக இணைவோம், பாதிக்குப் பாதி என்று சாமுவல் கேட்டார். டெட்டர்டிங் மறுத்தார். ராயல் டச்சுக்கு 60 விழுக்காடு, ஷெல்லுக்கு 40. பிரிட்டிஷ் நிறுவனத்தை வெளிநாட்டவர் கையில் எப்படி விடுவது என்பது சாமுவலின் கவலை. அதற்கும் டெட்டர்டிங்கிடம் பதில் இருந்தது: ஷெல்லின் கால்பங்குப் பங்குகளை ராயல் டச்சே வாங்கும். ஷெல்லுக்கு அடி விழுந்தால் தனக்கும் வலிக்கும் என்ற ஏற்பாடு. யோசித்துப் பார்த்துவிட்டுச் சாமுவல் சம்மதித்தார். 1907-ல் இரண்டும் இணைந்தன.

நிறுவனம் இரண்டும் தனித்தனியாகவே இருக்கும், தலைமையகமும் லண்டன், ஹேக் என இரண்டு. கீழே உள்ள தொழிலில் மட்டும் 60-40. தோற்றுவிட்டோம் என்று சாமுவல் நொந்துபோனார். ஆனால் அதன்பிறகுதான் அவர் பெரும் பணக்காரரானார். டெட்டர்டிங்குடன் உறவும் முறியவில்லை. முதல் உலகப் போரில், வெடிமருந்துக்குத் தேவையான டொலுயினைத் தயாரிக்கும் ஆலையை ராட்டர்டாமிலிருந்து பிரித்தெடுத்து இங்கிலாந்துக்குக் கொண்டுவர உதவினார். 1921-ல் பிரபுப் பட்டம் கிடைத்தது. 1927 ஜனவரியில் மனைவி ஃபேனி இறந்த மறுநாளே அவரும் காலமானார்.

புக்கோமில் 1961-ல் சிங்கப்பூரின் முதல் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை வந்தது. ரஷ்யக் கிணறுகள் புரட்சியில் பறிபோய் அதற்குள் 40 ஆண்டு ஆகியிருந்தது. 60-40 மட்டும் நிலைத்து நின்றது. 2005-ல்தான் இரு நிறுவனங்களும் ஒன்றாயின. 2022-ல் பெயரிலிருந்த ‘ராயல் டச்சு’ உதிர்ந்தது, தலைமையகம் லண்டனுக்கே போனது. மிஞ்சியது சாமுவலின் அப்பா விற்ற சிப்பி.