கழற்றிப் பூட்டிய கரங்கள்: ஜி.டி. நாயுடு

ஓசூரிலும் கிருஷ்ணகிரியிலும் வாழும் நமக்கு வண்டி என்பது வியப்புக்குரிய பொருளன்று. 1980ஆம் ஆண்டில் ஓசூரில் அசோக் லேலண்டின் தொழிற்சாலை எழுந்தது. அதே ஆண்டில்தான் இருவர் அமர்ந்து செல்லத்தக்க டி.வி.எஸ். 50 என்னும் சிறு வண்டியும் இம்மண்ணிலிருந்து புறப்பட்டது. பின்னர், 2021இல், ஏத்தர் நிறுவனம் ஓசூரிலும் ஓலா நிறுவனம் போச்சம்பள்ளியிலும் மின்சார வண்டிகளைச் செய்யத் தொடங்கின. நம் மாணவர்கள் பலரின் தந்தையரும் தமையன்மாரும் இத்தகைய ஆலைகளில் பணிமுறை பார்ப்பவர்களே. ஆதலால் இங்குள்ள சிறுவர்களின் விளையாட்டும் பெரும்பாலும் வண்டியைச் சுற்றியதாகவே அமைந்துவிடுகிறது. துளையிட்ட தகடுகள், போல்ட்டு, நட்டு, பற்சக்கரம், நெகிழிக் கட்டைகள் ஆகியவற்றைப் பரப்பிக்கொண்டு, பெட்டியோடு வந்த படத்தைப் பார்த்து அப்படியே பூட்டி முடிப்பவன் ஒருவன். படத்தை ஒதுக்கிவிட்டுத் தன் மனத்திலுள்ள பந்தயக் காரைக் கட்ட முனைபவன் மற்றொருவன். இவ்விருவருக்கும் இடையிலுள்ள தொலைவு மிகப் பெரிது. அத்தொலைவைக் கடந்த ஒரு தமிழரின் வாழ்வையே இம்மலரில் கூற விழைகிறோம்.

அவ்விளையாட்டுப் பெட்டியின் வரலாற்றையும் ஒரு சொல்லில் சொல்லிவிடலாம். இங்கிலாந்தின் லிவர்பூல் நகரத்தவரான ஃபிராங்க் ஹார்ன்பி தம் பிள்ளைகளுக்காகத் தகடுகளை வெட்டி, சம இடைவெளியில் துளையிட்டு, 1901இல் அதற்குக் காப்புரிமையும் பெற்றார். பின்னாளில் மெக்கானோ என்று உலகெங்கும் வழங்கியது அதுவே. அந்நாளில் கோவைச் சீமையில் கலங்கல் என்னும் சிற்றூரில் ஓர் உழவர் வீட்டுச் சிறுவனுக்கு எட்டு வயது. அவனுக்கு மெக்கானோ கிடைக்கவில்லை. ஆனால் சில ஆண்டுகளில் அதனினும் பெரிய விளையாட்டுப் பொருள் ஒன்று வாய்த்தது.

கோபாலசாமி துரைசாமி நாயுடு 1893ஆம் ஆண்டு மார்ச் 23ஆம் நாள் பிறந்தார். பள்ளிக்கும் அவருக்கும் ஒத்துவரவில்லை. தொடக்கக் கல்வியைத் தாண்டாமலே வயலுக்குத் திரும்பிவிட்டார். ஒருநாள் ஆங்கிலேய அதிகாரி ஒருவர் ரட்ஜ் என்னும் மோட்டார் சைக்கிளில் அவ்வழியே வந்தார். மாடும் குதிரையும் இன்றி ஓடிய அவ்வண்டி இளைஞர் துரைசாமியின் உறக்கத்தைக் கெடுத்தது. நாமாயிருந்தால் நாலு நாள் அதைப் பேசிவிட்டு மறந்திருப்போம். அவரோ ஊரைவிட்டுக் கோவைக்குச் சென்று, உணவு விடுதியில் பரிமாறும் வேலையில் அமர்ந்து, கூலியைச் சிறுகச் சிறுகச் சேர்த்து, அவ்வதிகாரியிடமிருந்தே அவ்வண்டியை விலைக்கு வாங்கினார்.

வாங்கியவர் அதில் ஏறி ஊர் சுற்றவில்லை, கழற்றினார். ஒவ்வோர் உறுப்பாகப் பிரித்துப் பரப்பி, ஒவ்வொன்றும் எதற்காக அவ்விடத்தில் இருக்கிறது என்று பார்த்து, மீண்டும் பூட்டினார். கற்பிக்க ஆசானோ படிக்க நூலோ அவருக்கு இல்லை. வண்டியே நூல், கையே ஆசான். அவர் பெற்ற பொறியியல் பட்டம் இதுவே எனலாம்.

இவ்வாறு கழற்றிப் பூட்டுவதால் என்ன விளையும் என்று சிலர் வினவலாம். விளையாட்டுக் காரையே சான்றாகக் கொள்வோம். இரு பின்சக்கரங்களையும் ஒரே அச்சில் இறுக்கி மோட்டாரோடு இணைத்தால் வண்டி நேர்ப்பாதையில் அழகாக ஓடும். வளைவில் திரும்பியதும் தொல்லை தொடங்கும். வெளிப்புறச் சக்கரம் அதிகத் தொலைவும் உட்புறச் சக்கரம் குறைந்த தொலைவும் செல்லவேண்டும். அச்சு ஒன்றே ஆதலால் இரண்டும் ஒரே அளவுதான் சுழலும். எனவே ஒரு சக்கரம் தரையில் தேய்ந்து வழுக்கும். இதைக் கையால் தள்ளிப் பார்த்து உணர்ந்த சிறுவனுக்கு, பட்டறைகளில் டிஃபரன்ஷியல் என்று வழங்கும் பற்சக்கரக் கூட்டு ஏன் தோன்றியது என்பதை எவரும் விளக்கத் தேவையில்லை. தேவையை முதலில் கண்டுவிட்டால் விடை தானே மனத்தில் தங்கும். வேகம் வேண்டுமென்று பெரிய பற்சக்கரத்தால் சிறியதைச் சுழற்றினால் இழுவிசை குறைந்து வண்டி மேட்டில் நின்றுவிடும் என்பதும் அவ்வாறே.

துரைசாமியாரின் அடுத்த முயற்சி வேறு திசையில் சென்றது. பஞ்சு வணிகத்தில் பொருள் ஈட்டி, பம்பாயில் அதை இழந்து ஊர் திரும்பினார். கோவையின் தொழில் முன்னோடியான ராபர்ட் ஸ்டேன்ஸ் கைகொடுக்க, 1920இல் ஒரே ஒரு பேருந்தை வாங்கிப் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே தாமே ஓட்டினார். அது வளர்ந்து யு.எம்.எஸ். என்னும் பெரும் நிறுவனமாயிற்று. கோவை மாவட்டத்து முதியோர் நெடுங்காலம் அப்பெயரைச் சொல்லி மகிழ்ந்ததுண்டு. அடுத்துப் பீளமேட்டில் நேஷனல் எலெக்ட்ரிக் ஒர்க்ஸ் தோன்றியது. தா. பாலசுந்தரம் நாயுடுவின் உழைப்பும் இணைய, 1937இல் அங்கே உள்நாட்டு மின்மோட்டார் உருவாயிற்று. இன்று கோவையை மோட்டாரும் பம்பும் செய்யும் நகரமாக உலகம் அறிவதற்கு ஊன்றிய வித்துகளில் அதுவும் ஒன்று.

அன்னார் செய்த பொருள்களை எல்லாம் எண்ணத் தொடங்கினால் மலரின் பக்கங்கள் போதா. உலர் மின்கலத்தால் இயங்கும் ராசண்ட் என்னும் சவரக் கருவி, மிக மெல்லிய சவர அலகு, பழச்சாறு பிழியும் கருவி, மண்ணெண்ணெயில் சுழலும் விசிறி, மோசடி செய்ய இயலாத வாக்குப்பதிவு இயந்திரம் என்று அது நீளும். (அவர் தேர்தலில் நின்று தோற்றவர் என்பதையும் இங்கே சொல்லிவைக்கிறோம்.) 1936இல் இலண்டனில் நடைபெற்ற ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் இறுதி ஊர்வலத்தைப் படக்கருவியில் பதிவுசெய்தவரும் அவரே. 1941இல் ஐந்து வால்வு வானொலிப் பெட்டியை 70 ரூபாய்க்கு இந்தியாவிலேயே செய்து தரமுடியும் என்று அறிவித்தார்.

நம் மாணவர்கள் நின்று நோக்கவேண்டிய ஆண்டு 1952. இருவர் அமரத்தக்க சிறு பெட்ரோல் கார் ஒன்றை 2,000 ரூபாய் விலையில் தரமுடியும் என்று அவர் செய்து காட்டினார். எளிய குடும்பமும் ஏறிச் செல்லக்கூடிய கார் என்பது அந்நாளில் இந்நாட்டில் எவரும் துணியாத எண்ணம். ஆனால் அதனைத் தொடர்ந்து உற்பத்தி செய்ய அரசின் உரிமம் கிடைக்கவில்லை. எதைச் செய்யலாம், எவ்வளவு செய்யலாம் என்பதையெல்லாம் தில்லியே முடிவுசெய்த காலம் அது. வண்டி ஓடியும் உரிமம் நகரவில்லை. மாருதி 800 வெளிவர 1983 வரையும், ஒரு இலட்ச ரூபாய்க் கார் என்னும் பேச்சோடு நானோ அறிமுகமாக 2008 வரையும் நாடு காத்திருந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் எத்தனை கைகள் முடங்கின என்பதை யார் கணக்கிடுவது?

இவ்வகைத் தடைகளும் வரிச்சுமையும் அவரைக் கசப்படையச் செய்தன. தாம் செய்த கருவிகளைப் பொதுமக்கள் முன்னிலையிலேயே உடைத்துத் தம் எதிர்ப்பைக் காட்டினார். அச்செயலை நாம் போற்றவில்லை. கையால் உருவானதைக் கையாலேயே அழிப்பது எத்துணை நியாயமான சினத்துக்கும் அழகன்று. எனினும் அச்சினத்தின் வேரை மறுக்கவும் இயலவில்லை.

கல்வியைப் பற்றிய அவர்தம் கருத்தும் கல்லூரியினராகிய நமக்கு உறுத்தலானதே. 1945இல் அவருடைய கொடையால் கோவையில் ஆர்தர் ஹோப் பாலிடெக்னிக் தோன்றியது. அப்போதைய சென்னை மாகாண ஆளுநரின் பெயர் அதற்கு இடப்பட்டது. உடன் எழுந்த பொறியியற் கல்லூரியே இன்றைய அரசினர் தொழில்நுட்பக் கல்லூரி. பள்ளியை விட்டோடிய அவரே அங்கு முதல்வராகவும் அமர்ந்தார். பொறியியலுக்கு நான்கு ஆண்டுகள் வேண்டியதில்லை, பட்டறையில் கைபடக் கற்றால் அதில் ஒரு பகுதிக் காலமே போதும் என்பது அவர் கொள்கை. அரசு அதை ஏற்காததால் பொறுப்பைத் துறந்து வெளியேறினார். நான்காண்டு வேண்டாம் என்பதை நாம் முழுதும் ஒப்பவில்லை. கணிதமும் பொருளியல்பும் அவசரத்தில் வாரா. ஆயினும் நான்காண்டு பயின்று ஒரு ஸ்பேனரையும் தொடாமல் பட்டம் பெறும் நிலையைப் பார்க்கையில் அவர் பக்கமே மனம் சாய்கிறது.

இதில் நம் மரபுக்கு அயலானது ஏதுமில்லை. தியார்பக்கிர் அரண்மனையில் பணியாற்றிய அல் ஜஸரி, 1206இல் நிறைவுற்ற தம் நூலில் யானைக் கடிகாரம் முதலிய பொறிகளை, பிறிதொரு கைவினைஞர் படித்துத் தாமே செய்துகொள்ளும் வண்ணம் உறுப்புறுப்பாக விளக்கினார். ஐதர் அலி, திப்பு சுல்தான் காலத்தில் இப்பாராமகால் நிலப்பகுதியும் அடங்கிய மைசூர் அரசில், மூங்கிலுக்கும் தாளுக்கும் மாறாக இரும்புக் குழாயில் மருந்தடைத்து ராக்கெட்டுகள் செய்தனர். ஐரோப்பியர் அவற்றை எடுத்துச் சென்று பிரித்துப் பார்த்தே தம்முடையதை வகுத்தனர். பிரித்துப் பார்க்கும் கை எத்திசையிலும் உண்டு.

இன்று எல்லைப்புறத்து ஆலைகளில் நம் பிள்ளைகள் பூட்டும் உறுப்புகள் பலவற்றின் வரைபடங்கள் வேறெங்கோ தீட்டப்பட்டு வருகின்றன. பூட்டுவது தாழ்ந்த பணியன்று. துரைசாமியாரும் அங்கிருந்தே தொடங்கினார். ஆனால் அவர் அங்கேயே நிற்கவில்லை.

1974ஆம் ஆண்டு ஜனவரி 4ஆம் நாள் அவர் மறைந்தார். 2025 அக்டோபரில் கோவை அவினாசி சாலையில் திறக்கப்பட்ட 10 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட நீண்ட மேம்பாலம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. அதன் கீழே பீளமேட்டை அடுத்து ஒரு நிறுத்தம் உண்டு. கல்லூரி இடம் மாறிச் சென்று பல்லாண்டுகள் ஆகியும், பேருந்து நடத்துநர்கள் இன்றும் அவ்விடத்தை ஹோப் காலேஜ் என்றே கூவி அழைக்கின்றனர்.